குதிரைக்குப் பெயர், ஜாக்கிக்கு நிறம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஓவியர்கள் தீட்டிய பந்தயக் குதிரைப் படங்கள் சிலவற்றை வெளியிட்டிருந்தோம். அவற்றைப் பார்த்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளில் அமைந்தவற்றைச் சேர்த்து, இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஓடும் குதிரைகள் எல்லாம் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, வயிறு புல்லை உரசுவதுபோலப் பறக்கின்றன. குதிரை உண்மையிலேயே அப்படி ஓடுமா?

ஓடாது. நாலுகால் பாய்ச்சலில் விரையும் குதிரையின் நான்கு குளம்புகளும் தரையைவிட்டு நீங்கும் கணம் ஒன்று உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் அதன் கால்கள் விரிந்திருப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் குவிந்திருக்கின்றன. இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் லண்டனுக்கு அருகில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர். 1878 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஓடுதளத்தை ஒட்டி 12 புகைப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் ஒரு பாய்ச்சலைத் துண்டு துண்டாகப் படம்பிடித்தார். 1882-இல் அவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இந்தப் படங்களைத் திரையிட்டுக் காட்டியபோது, அதுவரை அங்கிருந்த மாளிகைச் சுவர்களில் பெருமையுடன் தொங்கிக்கொண்டிருந்த ஓட்டப் படங்கள் எல்லாம் ஒரே மாலையில் பொய்யாகிப் போயின.

ஆனால் அந்த ஓவியர்களைக் கண்பார்வை குறைந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரை ஒரு நொடிக்குள் இரண்டு பாய்ச்சலுக்கு மேல் பாய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்குள்ளும் நான்கு கால்களும் தனித்தனியே ஊன்றி எழுகின்றன. முன்னங்கால் முழுதாக நீளும் கணமும் பின்னங்கால் முழுதாக நீளும் கணமும் வெவ்வேறானவை. கால் திசை மாறும் அந்த இரு எல்லைகளும்தான் மனித மனத்தில் தங்குகின்றன, இடையில் நடப்பது மங்கிவிடுகிறது. தங்கிய இரண்டையும் ஓவியர் ஒரே உடலில் ஒட்டவைத்தார். பார்த்தவர்களுக்கும் தாங்கள் கண்டது அதுவே என்று தோன்றியது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது வரைந்த, எப்சம் ஊரில் நடக்கும் டெர்பி என்ற பெரும் குதிரைப்பந்தயத்தின் படம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கருமேகத்தின் கீழே நான்கு குதிரைகளும் இதே நிலையில்தான் மிதக்கின்றன. புகைப்படம் சொல்வதே சரி என்று நமக்குத் தெரிந்த பிறகும், வேகத்தைப் பொறுத்தவரை அந்தப் படம் தோற்றுப்போகவில்லை என்பது என் கருத்து.

கால்களை இப்படி நீட்டி வரைவதில் ஒரு நடைமுறை வசதியும் இருந்தது. நீட்டிய கழுத்துகளும் நீட்டிய கால்களுமாகக் குதிரைகளை அடுக்கினால் எது முதலில், எது இரண்டாவது, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் கோடு போட்டதுபோலத் தெரியும். பணம் கொடுத்துப் படம் வரையச் சொன்ன உரிமையாளருக்கு அதுதானே முக்கியம்!

கேள்வி: நிற்கும் குதிரைகளை ஏன் எப்போதும் பக்கவாட்டிலேயே வரைந்தார்கள்? தலை மிகச் சிறியதாகவும் கால்கள் குச்சிபோலவும் இருக்கின்றனவே?

இந்தப் படங்களைக் கலைப்பொருளாக மட்டும் பார்த்தால் அலுப்புத் தட்டும். சான்றிதழாகப் பார்த்தால் புரியத் தொடங்கும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆண் குதிரை, அதன் பிறகு இனப்பெருக்கத்துக்குப் பயன்பட்டு உரிமையாளருக்குக் கட்டணம் ஈட்டித் தந்தது. ஆகவே தோளின் சரிவு, மார்பின் ஆழம், முதுகின் நீளம், பின்னங்கால் மூட்டின் கோணம் ஆகிய அனைத்தையும் விலைபேச வருபவர் கண் ஒரே பார்வையில் அளந்துவிட வேண்டும். அதற்குப் பக்கவாட்டுத் தோற்றத்தை விட்டால் வேறு வழி இல்லை. படத்தின் அடியிலோ சட்டத்திலோ குதிரையின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், வென்ற பந்தயம் ஆகியவை எழுதப்படுவதும் இதனால்தான். தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தின் வம்சாவளிப் பதிவேடு 1791-இல் முதன்முதலாக வெளிவந்தது. அந்தப் பதிவேட்டின் ஒரு வரியைத் துணியில் எண்ணெய் வண்ணத்தில் எழுதியதுபோன்றவைதான் இப்படங்கள்.

சிறிய தலையும் மெல்லிய காலும் பாதி உண்மை, பாதி முகத்துதி. தரோபிரெட் இனத்தின் ஆண் வழி முழுவதும் கிழக்கிலிருந்து வந்த மூன்று குதிரைகளுக்கே போய்ச் சேர்கிறது: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். சிறிய, கூரிய தலை அந்த உயர்குலத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டதால், ஓவியர்கள் இருந்ததைவிடச் சற்றுச் சிறிதாக்கியே தீட்டினார்கள். இந்த வழக்கத்துக்கு இணங்காமல் எலும்பையும் தசையையும் உள்ளபடி அறிந்து வரைந்தவர் முந்தைய நூற்றாண்டின் ஜார்ஜ் ஸ்டப்ஸ். லிங்கன்ஷரில் ஹார்க்ஸ்டோ என்ற ஊரில் ஏறத்தாழ 18 மாதங்கள் தங்கி, இறந்த குதிரைகளைத் தோலுரித்து அடுக்கடுக்காக ஆராய்ந்து, 1766-இல் குதிரையின் உடற்கூற்றைப் பற்றிய நூலை வெளியிட்டவர் அவர். அவருக்குப் பின் வந்தவர்கள் அனைவரும் அவரிடம் கடன்பட்டவர்களே என்றாலும், பலர் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் அளவுக்கு உழைக்கவில்லை.

கேள்வி: சென்ற இதழில் படங்களுடன் வந்த கட்டுரையில் ஹெர்ரிங் என்ற ஓவியரின் பெயர் அடிக்கடி வந்தது. அவர் கல்லூரியில் ஓவியம் பயின்றவரா?

இல்லை, அவர் வண்டியோட்டி. ஜான் ஃபிரெடரிக் ஹெர்ரிங் 1795-இல் பிறந்தார். 1814 செப்டம்பரில், பத்தொன்பது வயதில், யார்க்ஷரின் டான்காஸ்டர் நகருக்குச் செயின்ட் லெஜர் பந்தயம் நடக்கும் வேளையில் வந்து சேர்ந்தார். 1776-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. இங்கிலாந்தின் ஐந்து பெரும் பந்தயங்களில் மிகப் பழமையானது. அந்த ஆண்டு ஹாமில்டன் பிரபுவின் வில்லியம் என்ற குதிரை வென்றதைப் பார்த்த இளைஞருக்கு, அதைத் தானே வரைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பிழைப்புக்காகப் பயணிகள் கோச்சு வண்டிகளின் கதவில் சின்னங்கள் தீட்டினார், பிறகு அந்த வண்டிகளையே ஓட்டினார். லண்டனுக்கும் யார்க்குக்கும் இடையே ஓடிய புகழ்பெற்ற ‘ஹைஃப்ளையர்’ கோச்சும் அவர் கையில் இருந்தது. பகலில் கடிவாள வாரும் ஓய்வில் தூரிகையுமாகக் கழிந்த அந்த ஆண்டுகள் அவருக்குக் கொடுத்த பயிற்சியை எந்தக் கலைக்கூடமும் கொடுத்திருக்க முடியாது: குதிரையின் முதுகும் பிட்டமும் காதுகளும் நாள்தோறும் பல மணி நேரம் அவர் கண்முன் அசைந்துகொண்டே இருந்தன. ஆயிரம் குதிரைகளைக் காலை வெளிச்சத்திலும் மழையிலும் பார்த்தவருக்கு, எதிரே நிற்கும் ஒன்று எந்த வகையில் மற்றதிலிருந்து வேறுபடுகிறது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயின்ட் லெஜரில் வென்ற குதிரைகளைத் தொடர்ந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர் வரைந்தார் என்பது அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. டெர்பியில் வென்றவற்றில் பதினெட்டையும் வரைந்தார். 1830-இல் குதிரைப்பந்தயத்துக்குப் பேர்போன நியூமார்க்கெட் நகருக்கும், சில ஆண்டுகளில் லண்டனுக்கும் குடிபெயர்ந்தார். 1845-இல் விக்டோரியா அரசியாரின் தாயாரான கென்ட் சீமாட்டி அவரைத் தம் விலங்கு ஓவியராக நியமித்தார். மகனும் அதே பெயரில் அதே தொழிலுக்கு வந்தபோது, தந்தை தம் கையெழுத்துடன் ‘மூத்தவர்’ என்று சேர்த்துக்கொள்ள நேர்ந்தது. இன்றுகூட ஏல நிறுவனங்களில் இது மூத்தவருடையதா இளையவருடையதா என்ற விவாதம் எழுவதுண்டு.

கேள்வி: இத்தகைய படங்களுக்கு எவ்வளவு ஊதியம் கிடைத்தது?

பென் மார்ஷல் என்ற ஓவியர் கூறியதாக வழங்கும் ஒரு வாக்கே இதற்குப் போதும். தன் மனைவியின் உருவத்தை வரைய பத்து கினி அதிகம் என்று நினைக்கும் மனிதர், தன் குதிரையை வரைய ஐம்பது கினி கொடுக்கத் தயங்குவதில்லை என்றார் அவர். ஒரு கினி என்பது இருபத்தொரு ஷில்லிங். லண்டனில் மனிதர்களின் உருவங்களை வரைந்துகொண்டிருந்த மார்ஷல் 1812-இல் நியூமார்க்கெட்டை ஒட்டிய பகுதிக்கே குடிபோனதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. பேசிய தொகை எப்போதும் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. ஸ்டப்ஸ் தம் முதுமையில், 1800-ஐ ஒட்டி, ‘ஹாம்பிள்டோனியன்’ என்ற குதிரையின் மாபெரும் படத்தைத் தீட்டி முடித்துவிட்டு, கூலிக்காக அதன் உரிமையாளர் சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட் மீது வழக்குத் தொடுத்துத்தான் வெற்றி பெற வேண்டியிருந்தது.

கேள்வி: ஜாக்கிகள் எல்லாரும் ஒரே முகத்துடன் இருப்பதுபோலத் தோன்றுகிறது. அவர்களைப் பார்த்து வரையவே இல்லையா? ஏன் நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அன்று அங்கவடிகள், அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையங்கள், நீளமான வாரில் தொங்கின. ஜாக்கி காலை ஏறக்குறைய நேராகத் தொங்கவிட்டு, முதுகை நிமிர்த்தியே சவாரி செய்தார். முழங்கால் மடங்கி, பிடரியை ஒட்டிக் குனியும் இன்றைய இருக்கை முறையை 1890-களின் இறுதியில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்தில் காட்டியபோது முதலில் சிரித்தார்கள். அவர் வென்றுகொண்டே போனதும் சிரிப்பு நின்றது. ஆகவே உங்கள் கண்ணுக்கு விறைப்பாகத் தெரிவது ஓவியரின் பிழையன்று, அக்காலத்துச் சவாரி.

முகத்தைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவு எளிதில் விடை கூற முடியாது. 1762-இல் நியூமார்க்கெட்டில், பந்தயங்களை நெறிப்படுத்திய செல்வர்களின் சங்கமான ஜாக்கி கிளப்பினர், ஒவ்வோர் உரிமையாளரின் ஜாக்கியும் அவருக்கென ஒதுக்கிய நிறத்திலேயே சட்டை அணிய வேண்டும் என்று ஏற்பாடு செய்தனர். தொலைவில் வரும் குதிரை யாருடையது என்று நடுவர் அறிவதற்கான ஏற்பாடு அது. விளைவு என்னவென்றால், ஜாக்கியின் உடலே உரிமையாளரின் கொடியாகிவிட்டது. சட்டையின் மடிப்பையும் பட்டின் பளபளப்பையும் அவ்வளவு கவனமாகத் தீட்டிய ஓவியர், தொப்பியின் கீழே இருந்த முகத்தை இரண்டு தீற்றலில் முடித்துவிட்ட படங்கள் ஏராளம். சற்றுமுன் சொன்ன ஹாம்பிள்டோனியன் படத்தையே பாருங்கள். 1799-இல் நியூமார்க்கெட்டில் மூவாயிரம் கினி பந்தயத்தில் ‘டயமண்ட்’ என்ற குதிரையை அது நூலிழையில் வென்றபோது, சாட்டையாலும் குதிமுள்ளாலும் அதை வதைத்து ஓட்டி வந்தவர் ஃபிராங்க் பக்கிள் என்ற தலைசிறந்த ஜாக்கி. படத்தில் அவர் இல்லை. களைத்து நுரைதள்ளும் குதிரையும், அதைத் தேய்த்துவிடும் லாயச் சிறுவனும், கடிவாளத்தைப் பிடித்திருக்கும் குதிரைக்காரரும் மட்டுமே நிற்கிறார்கள். அந்த இரு மனிதர்களும் நேராக நம்மைப் பார்க்கும் பார்வை, என்னைப் பொறுத்தவரை, வென்ற பெருமையைக் காட்டுவதாக இல்லை.

நூற்றாண்டு நகர நகர நிலைமை மாறியது. ‘மெம்னான், மேலே வில்லியம் ஸ்காட்’ என்பதுபோன்ற தலைப்புகளைப் பாருங்கள்; 1825-இல் செயின்ட் லெஜரை வென்ற குதிரையை ஹெர்ரிங் வரைந்த படம் அது. ‘மேலே’ என்ற ஒரு சொல்லில், வாலின் நுனியில் ஒட்டியதுபோலத்தான் மனிதரின் பெயர் வருகிறது, இருந்தாலும் வருகிறது. ஸ்காட் அந்தப் பந்தயத்தை ஒன்பது முறை வென்றவர், ஆகவே அவர் முகத்தைக் காண விரும்பியவர்கள் இருந்தார்கள். இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது மார்ஷல் வரைந்த ‘சாம்’ என்ற குதிரையின் படம். 1818 டெர்பியை வென்ற அந்தக் குதிரைக்கு, அதை ஓட்டிய சாம் சிஃப்னியின் பெயரையே உரிமையாளர் தார்ன்ஹில் வைத்திருந்தார். மேலே ஒரு சாம், கீழே ஒரு சாம். பெயர் குதிரையிடமிருந்து மனிதனுக்கு வராமல் மனிதனிடமிருந்து குதிரைக்குப் போன அரிய நிகழ்வு அது. மார்ஷல் அந்த மனிதரை உண்மையாகவே உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதும் படத்தில் தெரிகிறது.

நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் ஃபிரெட் ஆர்ச்சர் என்ற ஜாக்கி வந்தபோது, ஜாக்கியின் முகமே விற்பனைப் பொருளாயிற்று. 1874 முதல் 1886 வரை தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள் அதிக வெற்றி பெற்ற ஜாக்கியாக விளங்கி, மொத்தம் 2,748 பந்தயங்களில் வென்றவர். ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் 1881-இல் அவரது உருவத்தைக் கேலிச்சித்திர பாணியில் வெளியிட்டது. ஜெர்மானிய ஓவியர் எமில் ஆடம், 1886-இல் டெர்பி வென்ற ‘ஆர்மண்ட்’ குதிரைமேல் அவரை அமர்த்தி வரைந்தார். ஜாக்கி தொழிலுக்குப் பொருந்தாத உயரம் அவருக்கு. எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தும் பேதி மருந்து உட்கொண்டும் உடலை வற்றவைத்தார். அதே 1886-இல், நவம்பர் மாதம், காய்ச்சலில் கிடந்த அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது வயது இருபத்தொன்பது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தக் காலத்துப் படங்களில் கன்னம் ஒட்டிய ஜாக்கி முகங்களைப் பார்க்கும்போது, ஒரே முகமாகத் தோன்றியதற்கு ஓவியரின் அலட்சியம் மட்டுமே காரணம் அன்று என்பது விளங்கும். பசி பல முகங்களை ஒன்றுபோல் ஆக்கிவிடுகிறது.

கேள்வி: படத்தைக் காட்டி, இந்தக் குதிரைதான் அந்தக் குதிரை என்று நீதிமன்றத்தில் நிறுவியது உண்டா?

படம் அல்ல, குதிரையே தேவைப்பட்டது. 1844 டெர்பியில் முதலில் வந்த ‘ரன்னிங் ரெய்ன்’, உண்மையில் ‘மக்காபியஸ்’ என்ற நான்கு வயதுக் குதிரை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓட வேண்டிய பந்தயத்தில் ஓராண்டு மூப்பு பெரிய மோசடி. பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். வழக்கை விசாரித்த நீதிபதி ஆல்டர்சன், குதிரையைக் கொண்டுவாருங்கள் என்றார். குதிரை மறைந்துவிட்டிருந்தது. வழக்கு கவிழ்ந்து, இரண்டாவதாக வந்த ‘ஆர்லாண்டோ’ வென்றதாக அறிவிக்கப்பட்டது. நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் ஓவியர்கள் ஏன் அவ்வளவு நுணுக்கமாகக் குறித்தார்கள் என்பதை இந்த வழக்கின் பின்னணியில் பார்த்தால் புரியும், ஆனாலும் வண்ணத்தில் பல் தெரியாதல்லவா?

கேள்வி: செல்வர்களைத் தவிர மற்றவர்கள் இப்படங்களைப் பார்த்தார்களா? இன்று எங்கே காணலாம்?

அச்சுப்படங்களாகப் பார்த்தார்கள். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவத்தைப் பதித்து, அச்சிட்ட பின் தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். விடுதிகளின் சுவர்களிலும் இவை தொங்கின. ஹெர்ரிங் வரைந்த செயின்ட் லெஜர் வெற்றிக் குதிரைகளின் வரிசை டான்காஸ்டரிலேயே பதிப்பிக்கப்பட்டு அவர் பெயரைப் பரப்பியது. தகட்டில் இடம் வலமாக மாற்றிச் செதுக்காவிட்டால் தாளில் குதிரை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும் என்பதால், அச்சுப்படத்தையும் மூல ஓவியத்தையும் ஒப்பிடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். இன்று மூலங்களைக் காண நியூமார்க்கெட்டில் உள்ள தேசியக் குதிரைப்பந்தய அருங்காட்சியகம் முதன்மையான இடம். அமெரிக்கச் செல்வர் பால் மெலன் திரட்டியவற்றில் பெரும்பகுதி யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. ‘சாம்’ படம் அங்கேதான்.

கேள்வி: ஜாக்கியோ வெற்றிக் கோப்பையோ இல்லாமல், பந்தயக் குதிரையை வெறும் குதிரையாக வரைந்தவர் யாராவது உண்டா?

உண்டு. ‘வால்டிஜர்’ என்ற குதிரை 1850-இல் டெர்பியையும் செயின்ட் லெஜரையும் வென்றது. அதே ஆண்டு டான்காஸ்டர் கோப்பைப் போட்டியில், முந்தைய ஆண்டின் நாயகனான ‘ஃபிளையிங் டச்மன்’ குதிரையையும் தோற்கடித்தது. 1851 மே மாதம் யார்க்கில் இரண்டையும் மட்டும் தனியே ஓடவிட்டபோது, நாட் ஃபிளாட்மன் ஓட்டிய வால்டிஜர் ஒரு குதிரை நீளத்தில் தோற்றது. இந்தத் தனிப்பந்தயத்தை ஹெர்ரிங் தம் வழக்கப்படி வண்ணச் சட்டைகளும் நீண்ட கால்களுமாக வரைந்திருக்கிறார். பின்னாளில் அதே வால்டிஜரை எட்வின் லாண்ட்சீர் என்ற விலங்கு ஓவியர் வரைந்தபோது, சேணம் இல்லை, சவாரி இல்லை, திடலும் இல்லை. வைக்கோல் பரப்பிய லாயத்தில் அந்தக் குதிரை தலையைத் தரைவரை தாழ்த்தி நிற்கிறது; அதன் மூக்குக்கு எதிரே, சிறிதும் அஞ்சாமல், ஒரு பூனை.